மின்சாரச் சிக்கனம்: யாருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டும் முன்

மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றிப் பேச்சு வந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே அறிவுரைதான் போகிறது: விளக்கை அணையுங்கள், மின்சிக்கனத்துக்கு நல்ல ஸ்டார் ரேட்டிங் உள்ள பொருளாக வாங்குங்கள். கையில் எவ்வளவு காசு புரள்கிறது, வீடு சொந்தமா வாடகையா என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வருமானம் குறைந்தவர்களுக்குச் சிக்கனத்தில் ஆர்வமில்லை என்ற முடிவு. பழைய ஃபிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது என்பதற்கு அலட்சியம்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? புதியது மாதாமாதம் மிச்சம் தரும், சரி. ஆனால் முழு விலையையும் இன்றே கொடுக்க வேண்டும். வாடகை வீடு என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. கூரையும் ஜன்னலும் வீட்டுக்காரருடையவை, பில் மட்டும் குடியிருப்பவருடையது. செலவழிக்க வேண்டியவருக்கு லாபமில்லை, லாபம் பெறக்கூடியவருக்கு எதையும் மாற்றும் உரிமை இல்லை. வருமானத்தில் பெரிய பங்கு பில்லுக்கே போகும் வீட்டில் ஒவ்வொரு ஸ்விட்சையும் கவனித்துத்தான் போடுகிறார்கள். ஒரே அறையில் எல்லோரும் இருந்து சமாளிப்பதும் சிக்கனம்தான், ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கடும் வெயிலிலும் குளிரிலும் முதியவர்களும் குழந்தைகளும் ஏற்கனவே தவிக்கும் வீட்டுக்குப் போய் 'இன்னும் குறையுங்கள்' என்று சொல்வது ஆபத்தும்கூட.

இதற்கு நேரெதிரான தவறு வசதியான வீடுகளில் நடக்கிறது. சுற்றுச்சூழல் மீது உண்மையான அக்கறை இருக்கும், எல்லாம் எல்இடி விளக்காக இருக்கும். ஆனால் அறைக்கு அறை ஏசி ஓடும், புது ஃபிரிட்ஜ் வந்த பிறகும் பழையது ஒரு மூலையில் குளிர்ந்துகொண்டே இருக்கும். பொதுவாக வருமானம் ஏற ஏற மின்சாரச் செலவும் ஏறுகிறது, நல்லெண்ணம் மட்டும் அதைத் தடுப்பதில்லை. ரேட்டிங்கை நம்புவதிலும் ஒரு கண்ணி உண்டு. ஃபிரிட்ஜ் ரேட்டிங் பெரும்பாலும் அதன் கொள்ளளவைக் கணக்கில் வைத்தே தரப்படுகிறது. அதனால் உயர்ந்த ரேட்டிங் உள்ள பெரிய ஃபிரிட்ஜ், குறைந்த ரேட்டிங் உள்ள சின்னதைவிட அதிகமாகவே இழுக்கலாம். லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

அப்புறம், கண்ணுக்குத் தெரிவதையே துரத்துவது. 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எரிசக்தியை மிச்சப்படுத்தச் சிறந்த வழி எது என்று கேட்டபோது விளக்கை அணைப்பதைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரத்தில் அரை யூனிட் எடுக்கும். அதே அரை யூனிட்டில் 9 வாட் எல்இடி பல்பு 55 மணி நேரம் எரியும். விளக்கை அணையுங்கள், தப்பில்லை. ஆனால் சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் பெரிய செலவு.

திட்டம் போடுபவர்களின் தவறு ஒன்றும் இருக்கிறது: முதலில் முழு விலை கொடுத்து வாங்குங்கள், மானியம் பிறகு வரும் என்பது. முதலில் கொடுக்கப் பணம் உள்ளவர்தான் அந்த மானியத்தைப் பெறுவார். கடையிலேயே விலையைக் குறைத்தாலோ, மாத பில்லோடு தவணையாகப் பிடித்தாலோ மற்ற வீடுகளும் உள்ளே வர முடியும். அந்தத் தவணை மட்டும் மாதம் மிச்சமாகும் தொகையைத் தாண்டக் கூடாது.