பச்சையாகிப்போன நீச்சல் குளத்தைத் தெளியவைக்க

பல மாதம் கவனிக்காமல் விட்ட குளம் பச்சைப் பசேலென்று கிடக்கிறதா? உடனே தண்ணீரை முழுக்க இறைத்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருந்தால், காலியான தொட்டியையே அது தூக்கிவிடும்.

முதலில் வலையால் இலை தழைகளை அள்ளுங்கள். அடியில் மக்கிக் கிடப்பதையும்தான். அது கிடக்கும்வரை ஊற்றுகிற குளோரினெல்லாம் அதற்கே செலவாகும்.

அடுத்து பி.எச். அளவு, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். 8-ஐத் தொட்டால் குளோரினின் வீரியம் பெரும்பகுதி போய்விடும். அமிலம் சேர்த்து 7.2 அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, பொழுது சாய்ந்ததும் குளோரினைக் கூடுதலாகப் போடுங்கள். வெயில் அதைச் சிதைத்துவிடும். எவ்வளவு என்பதை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

அப்புறம் பிரஷ்ஷால் சுவர், படிக்கட்டு, மூலை எல்லாம் நன்றாகத் தேயுங்கள். சுவரில் ஒட்டிய பாசிக்குள் மருந்து எளிதில் இறங்காது. பம்ப் இரவு பகலாக ஓடட்டும். ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி கழுவ வேண்டும்.

பச்சை மாறி வெளிறிய சாம்பல் கலங்கல் வந்தால் நல்லது, பாசி செத்துவிட்டது. ராத்திரி அளந்த குளோரின் காலையிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்வரை குளோரின் போடுவதை நிறுத்தாதீர்கள். அடித்தரை தெளிவாகத் தெரிந்து, குளோரினும் 1 முதல் 3 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதே ஒரு பிபிஎம்) இறங்கிய பிறகே பிள்ளைகளை இறக்குங்கள்.