பெட்டியைப் பார்த்து இயர்பட்ஸ் வாங்காதீர்கள்

அக்கா மகன் தினமும் மேலூரிலிருந்து மதுரைக்குக் கல்லூரிக்கு வருகிறான். போன மாதம் டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து இயர்பட்ஸ் வாங்கினான். பெட்டியில் இஎன்சி என்று பெரிதாகப் போட்டிருந்தது. "பஸ் சத்தமே கேட்காதுன்னு சொல்லித்தான் மாமா கொடுத்தாங்க" என்றான். மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்தால் எஞ்சின் சத்தம் அப்படியே கேட்கிறது. பட்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் கொண்டுவந்தான். அது கெடவில்லை. இஎன்சியின் வேலையே வேறு.

நாம் போனில் பேசும்போது சுற்றியுள்ள இரைச்சலைக் குறைத்து, நம் குரலை எதிரில் இருப்பவருக்குத் தெளிவாக அனுப்புவதுதான் இஎன்சி. அதனால் நம் காதுக்கு எந்த லாபமும் இல்லை. நமக்குச் சத்தம் குறைய வேண்டும் என்றால் ஏஎன்சி இருக்க வேண்டும். வெளிச்சத்தத்தை மைக் வழியாக வாங்கி, அதற்கு நேர் எதிரான ஒலி அலையை உண்டாக்கி, காதுக்குள் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும்படி அது செய்யும். பஸ் எஞ்சினின் உறுமல், ஏசியின் ஓசை மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும். ஏர்ஹாரனையும் கண்டக்டர் விசிலையும் அந்த அளவுக்குக் குறைக்காது. இரண்டு எழுத்துகளையும் குழப்பிக்கொண்டு வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இது வெறும் காசு விஷயம் மட்டும் இல்லை. வெளிச்சத்தம் குறையாவிட்டால் பிள்ளைகள் பாட்டின் சத்தத்தைத்தான் ஏற்றுவார்கள். பெரியவர்களே 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும்.

அடுத்த தவறு, காதில் போட்டுப் பார்க்காமல் வாங்குவது. ஏஎன்சி இருந்தாலும் ரப்பர் முனை காதுத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் இரைச்சல் உள்ளே வந்துவிடும். பாட்டின் கனமான தாழ்ந்த ஒலியான பேஸும் காணாமல் போய்விடும். அப்புறம் ஆடியோ மட்டம் என்று பட்ஸைத் திட்டுவோம். போட்டுக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் கும்மென்று கேட்டால் அடைப்பு சரி. மெல்லுவதுபோல் வாயை அசைத்துப் பாருங்கள், தலையை ஆட்டிப் பாருங்கள், நழுவக் கூடாது. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். அக்கா மகனுக்கு இடது காதில் மட்டும் பெரிய முனையை மாட்டிவிட்டேன். ஏஎன்சி இல்லாத அதே பட்ஸிலேயே அவனுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. முனை காதில் உறுத்துகிறது என்பவர்கள் ரப்பர் இல்லாத வகையை வாங்கலாம், ஆனால் அதில் இரைச்சல் அடங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பெட்டியிலுள்ள எண்களில் '50 மணி நேரம்' என்பது பெரும்பாலும் பட்ஸை வைத்து சார்ஜ் ஏற்றும் டப்பாவான கேஸில் இருக்கும் சார்ஜையும் சேர்த்த கணக்கு. அதுவும் ஏஎன்சியை அணைத்துவிட்டு, நடுத்தரச் சத்தத்தில் பார்த்ததாக இருக்கும். ஒரு சார்ஜுக்கு, ஏஎன்சி போட்டு எத்தனை மணி என்று கேளுங்கள். டிரைவர் என்பது பட்ஸுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர்; அது 13 மி.மீ. என்றால் 10 மி.மீ.யைவிட நன்றாகப் பாடும் என்பதும் கிடையாது. ப்ளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தோடு அனுப்பும் எல்டிஏசி முறை இருக்கிறது என்று கூடுதல் விலை கொடுக்கும் முன் உங்கள் போனைப் பாருங்கள். ஐபோனில் அது வேலை செய்யாது.

காலையில் ரேஸ் கோர்ஸ் பக்கம் நடப்பவர்கள் தண்ணீரைத் தாங்கும் தரக் குறியீடு குறைந்தது ஐபிஎக்ஸ்4 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வியர்வைக்கும் தூறலுக்கும் அது போதும். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்கு இல்லை. வியர்வையோடு அப்படியே கேஸுக்குள் போட்டு மூடினால் சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகள் அரித்துப்போகும். துடைத்துவிட்டு வையுங்கள். சித்திரை வெயிலில் வண்டியின் சீட்டுக்கு அடியில் கேஸை விட்டுப் போவதும் கூடாது. சூடு லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும், இந்தச் சின்ன பேட்டரியை மாற்றுவதோ லேசில் நடக்காது.

கடைசியாக, பிளாட்பாரத்தில் பெரிய கம்பெனிப் பெயரோடு ஐந்நூறு ரூபாய்க்கு வருவதை நம்ப வேண்டாம். பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் யாருடைய எண் என்று தெரிந்துவிடும். பில் வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: சர்வீஸ் சென்டர் மதுரையிலேயே இருக்கிறதா? ஒரு காதுப் பட்ஸ் தொலைந்தால் அதை மட்டும் தனியாகக் கொடுப்பார்களா, எவ்வளவு ஆகும்?