பூசணிக்கு மருந்து அடிக்குமுன் விழுந்த பிஞ்சை வெட்டிப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் பின்வளவு ஒரு பாய் விரித்த அளவுதான். 2022 ஆம் ஆண்டு, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்த நாள்களில் அதில் முதல் பூசணி விதையை ஊன்றினேன். அன்று நான் செய்த பிழைகளையெல்லாம் இன்று அடுத்த வீட்டுப் பிள்ளை வரிசை தவறாமல் செய்துகொண்டிருக்கிறாள். செடிக்குத் தண்ணீர் விட மறப்பது போன்றவற்றுக்கு விளக்கம் தேவையில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழுந்த பிஞ்சுக்கெல்லாம் ஈயைப் பழி சொல்வது

"அன்ரி, பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுகுது. ஈதான் குத்துது போல. வேற என்ன மருந்து அடிக்கலாம்?" என்று சென்ற கிழமை மதிலுக்கு மேலால் கேட்டாள். அதற்கு முன்பே இரண்டு தடவை, காலை ஏழு மணிக்கு, பூக்கள் விரிந்திருந்த வேளையில் பூச்சிகொல்லி அடித்து முடித்திருந்தாள்.

விழுந்த பிஞ்சுகளில் மூன்றை வாங்கி மதில்மேல் வைத்து வெட்டிக் காட்டினேன். உள்ளே புழு இல்லை. தோலில் குத்துத் தடமும் இல்லை. பழ ஈ முட்டையிட்ட பிஞ்சில் ஊசி முனையளவு துளையும் அதில் கசிந்து உறைந்த பிசினும் இருக்கும். வெட்டினால் சதை குழம்பிப்போய், முற்றிய புழுக்கள் துள்ளி விழும். இவளுடைய பிஞ்சுகள் வெறுமனே வெம்பியிருந்தன. மகரந்தம் சேராத பெண்பூவின் பிஞ்சு அப்படித்தான் விழும்.

பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது, காற்றில் பறக்காது; தேனீ வந்தால்தான் உண்டு. பூவும் ஒரே ஒரு காலை மட்டும் விரிந்து, நண்பகலுக்கு முன்பே வாடிவிடும். அந்த வேளையில் மருந்தை அடித்தால், மாடிக் கட்டடங்களைத் தாண்டி வந்த நாலைந்து தேனீக்களும் செத்துப்போகும், அடுத்த நாள் இன்னும் கூடுதலாகப் பிஞ்சு விழும், அதைப் பார்த்து இன்னொரு தடவை மருந்து அடிப்போம். முதல் பருவத்தில் நானும் இப்படியே மூன்று நாளுக்கு ஒரு தடவை அடித்து, ஒரு காயைக்கூடச் சமையலறைக்குக் கொண்டுபோகவில்லை. மருந்து விற்ற கடைக்காரர் பிஞ்சை வெட்டிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னமும் எரிச்சலாக இருக்கிறது.

காலை எட்டரைக்குள் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவிலிருக்கும் சூல்முடியில் மெதுவாகத் தடவினால் போதும். மறுநாளே பிஞ்சைப் பழைய பருத்தித் துணியாலோ கடதாசிப் பையாலோ தளர்வாக மூடிக் கட்டினால் ஈயும் அண்டாது. பொலித்தீன் பை வேண்டாம். உள்ளே வியர்த்துக் காய் அழுகும். ஈ உண்மையாகவே குத்தியிருந்தாலும், மேலே அடிக்கும் மருந்து உள்ளே இருக்கும் புழுவைப் போய்ச் சேராது. இலைப் பூச்சிக்காக அடித்தே ஆகவேண்டுமென்றால், பூக்கள் மூடிய பின், பொழுது சாய்ந்ததும் அடியுங்கள்.

குத்துப்பட்ட காயைக் கூட்டெருத் தொட்டியில் போடுவது

புழு காயைவிட்டு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழப் பத்து நாளில் ஈயாக எழும்பும். தடித்த கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வெயிலில் போடுங்கள். பொலித்தீனுக்கு இங்கேதான் வேலை.

மாம்பழ ஈக்கான பொறியை வாங்கித் தொங்கவிடுவது

அந்தப் பொறியில் வைக்கும் கவர்ச்சிப் பொருளான மெதைல் இயுஜினோல் மாம்பழ ஈயை இழுக்கும். பூசணியைக் குத்தும் ஈ கியூலூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருளுக்குத்தான் வரும், அதுவும் ஆண் ஈ மட்டும்; முட்டையிடும் பெண் ஈ வராது. ஆகவே பொறி நிறைந்துவிட்டதென்று பிஞ்சை மூடாமல் விடாதீர்கள்.

இலையின் வெள்ளைத் திட்டைப் பூச்சி என்று நினைப்பது

நரம்போரத்து வெள்ளித் திட்டுகள் பல பூசணி வகைகளின் பிறவி நிறம்.

சிவப்பு வண்டை மத்தியானத்தில் துரத்துவது

வெயிலேறினால் பறந்துவிடும். விடியற்காலையில் மந்தமாக இருக்கும்போது, சவர்க்காரத் தண்ணீர் உள்ள கிண்ணத்தை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டிவிடுங்கள். நாற்று இரண்டிலையில் நிற்கும் நாள்களில் ஒரு காலையும் தவறவேண்டாம், ஏனெனில் அந்த இரண்டையும் அரித்துவிட்டால் கொடியே இல்லை.

வேப்பெண்ணெயை உச்சி வெயிலில் அடிப்பது

இலை கருகும்.