உறைந்து நிற்கும் கணினிக்கு உப்புக் காற்றும் காரணமாகலாம்

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வீட்டுக் கணினி அடிக்கடி அப்படியே நின்றுவிடுகிறதா? உடனே விண்டோஸை மாற்றிப் போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுக்கும். தூசியோடு சேர்ந்து பிசுக்காக ஒட்டும். மின்இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். உள்ளே ஓர் உலோகப் பாகத்தைத் தொட்டுவிட்டு ராம் (RAM) எனும் நினைவக அட்டையைக் கழற்றுங்கள். அதன் பொன்னிறப் பற்கள் மங்கியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் ‘டக்’கென்று உட்காரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பாதித் தொல்லை இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

போட்ட கொஞ்ச நேரத்தில், அதுவும் மதிய வெக்கையில் மட்டும் நின்றால் சூடுதான் காரணமாக இருக்கும். விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தூரிகையால் தட்டுங்கள். கணினியைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம். காற்று நமக்குச் சுகம், அதற்கு அல்ல.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் மட்டும் வேறெதையும் தொடாமல் முதலில் படங்களையும் ஆவணங்களையும் பிரதி எடுத்துவிடுங்கள்.