சென்ட் ஃபோல்டர்லயே இருக்கு உங்க இங்கிலீஷ் தப்பு: தேடிப் பிடிக்கிறது எப்படி?

இங்கிலீஷ் நல்லா வரும், மீட்டிங்ல தயங்காம பேசுவோம், ஆனா எழுதுற மெயில்ல ஒரு நாலஞ்சு தப்பு மட்டும் வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டே இருக்கும். படிக்கிறவங்களுக்கு அர்த்தம் புரிஞ்சிடுறதால யாரும் எடுத்துச் சொல்றதும் இல்ல. இந்த கட்டத்துல திரும்ப கிராமர் புக்க முதல் பக்கத்துலேர்ந்து படிக்கிறதுல பெருசா பிரயோஜனம் இல்லங்க, ஏன்னா ரூல் தெரியாம இந்த தப்பு வரல, இங்கிலீஷ் வார்த்தைக்கு அடியில தமிழ் வாக்கியம் ஓடிட்டு இருக்கறதால வருது. அதை பிடிக்க நான் செய்ற வழி இதுதான்.

முதல்ல சென்ட் ஃபோல்டரை திறந்து, நீங்க சொந்தமா டைப் பண்ண ஒரு இருபது மெயில காப்பி பண்ணி ஒரே டாக்குமென்ட்ல போடுங்க. ஏஐ திருத்திக் கொடுத்த மெயில் வேண்டாம், அதுல உங்க தப்பு அகப்படாது. அப்புறம் கன்ட்ரோல் எஃப் அழுத்தி, கீழ சொல்ற வார்த்தைய ஒண்ணொண்ணா தேடுங்க.

முதல் தேடல், 'ஹேட்' (had). என்னைக் கேட்டா நம்மாளுங்க கிட்ட ரொம்ப ஆழமா வேர் விட்ட தப்பு இதுதான். எங்க டீம்ல ஒரு தம்பி, இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குவான், அவன் கிளையன்ட்டுக்கு 'ஐ ஹேட் சென்ட் த ஃபைல் எஸ்டர்டே'ன்னு எழுதியிருந்தான். ஏன்டா இங்க ஹேட் போட்டேன்னு கேட்டேன், 'நேத்தே அனுப்பியிருந்தேன்ல, அதான்ணா'ன்னான். பாருங்க, காரணம் அவன் வாயிலேயே வந்துடுச்சு. தமிழ்ல 'அனுப்பியிருந்தேன்'ங்கிறது தனியாவே நிக்கும். இங்கிலீஷ்ல 'ஹேட் சென்ட்' வந்தா அது கூட இறந்தகாலத்துல இன்னொரு சம்பவம் வேணும், அதுக்கும் முன்னாடி இது நடந்திருக்கணும். 'பை த டைம் யூ கால்டு, ஐ ஹேட் சென்ட் த ஃபைல்', இது சரி, ஏன்னா கால் வந்தது ஒண்ணு, ஃபைல் போனது அதுக்கு முந்தி. வெறும் நேத்து அனுப்புனதுக்கு 'ஐ சென்ட் த ஃபைல் எஸ்டர்டே' போதும். ஸோ ஒவ்வொரு ஹேட்டையும் பாத்து, எதுக்கு முன்னாடின்னு ஒரு கேள்வி கேளுங்க, பதில் இல்லன்னா தூக்கிடுங்க. 'ஐ ஹேட் எ மீட்டிங்' மாதிரி ஹேட்டே மெயின் வெர்பா இருந்தா அதை தொட வேண்டாம்.

அடுத்து 'சின்ஸ்'. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்'னு எழுதியிருந்தா அதுல ரெண்டு தப்பு. 'மூணு வருஷமா வேலை பாக்குறேன்', '2019லேர்ந்து வேலை பாக்குறேன்', தமிழ்ல ரெண்டுமே நிகழ்காலம், அதனாலதான் கை தானா 'ஆம்' போடுது. இங்கிலீஷ்ல ரெண்டுத்துக்குமே 'ஹேவ் பீன் வொர்க்கிங்' இல்லன்னா 'ஹேவ் வொர்க்ட்'தான் வரணும். சின்ஸ் பக்கத்துல ஆரம்பிச்ச நேரம் வரும், 'சின்ஸ் 2019'. எவ்வளவு காலம்னா 'ஃபார் த்ரீ இயர்ஸ்'.

மூணாவது, 'வாட் இஸ்', 'வென் இஸ்', 'வேர் இஸ்'. இந்த கேள்வி வாக்கியத்துக்கு நடுவுல வந்திருக்கான்னு மட்டும் பாருங்க. 'ப்ளீஸ் லெட் மீ நோ வாட் இஸ் த ஸ்டேட்டஸ்'. நாம தமிழ்ல 'ஸ்டேட்டஸ் என்ன?'ங்கிற கேள்விய அப்படியே வச்சுக்கிட்டு பின்னாடி ஒரு 'ன்னு' ஒட்டி 'ஸ்டேட்டஸ் என்னன்னு சொல்லுங்க'ம்போம், கேள்வி மாறாது. இங்கிலீஷ்ல உள்ள போன கேள்வி சாதா வாக்கியமா மாறிடும், 'லெட் மீ நோ வாட் த ஸ்டேட்டஸ் இஸ்'. பேசும்போதும் இது வரும், திருத்த கொஞ்சம் நாள் ஆகும், விடாதீங்க.

நாலாவது 'அபௌட்'. 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் த பட்ஜெட்'ல இருக்கற அபௌட், நம்ம 'பத்தி'. டிஸ்கஸ்குள்ளயே பத்தி அடங்கியிருக்கு, அதனால 'டிஸ்கஸ்ட் த பட்ஜெட்'. ஆனா 'டிஸ்கஷன் அபௌட்' சரிதான், அதுதான் குழப்புது.

மிச்சத்தை வேகமா பாத்துடுங்க: 'குட் ஏபிள் டு' வேண்டாம், 'குட்' இல்லன்னா 'வாஸ் ஏபிள் டு', ஏதாவது ஒண்ணு போதும். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்' இல்ல, 'மீட்டிங்'. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' இல்ல, 'ஃப்ரெண்ட்ஸ்'. இன்ஃபர்மேஷன், ஈக்விப்மென்ட், அட்வைஸ் இதுக்கெல்லாம் கடைசில எஸ் கிடையாது. 'ப்ரீபோன்' மாதிரி வார்த்தைய பாத்து பயந்து அழிக்காதீங்க, அது நம்ம ஊர் இங்கிலீஷ், ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரியிலேயே இருக்கு.

எல்லாத்தையும் ஒரே நாள்ல திருத்தப் பாக்காதீங்க. ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை, முதல் வாரம் ஹேட் மட்டும், மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ஒண்ணை மட்டும் தேடிட்டு அனுப்புங்க. அந்த தம்பி அப்படித்தான் ஆரம்பிச்சான், மூணாவது வாரத்துலேர்ந்து அவனுக்கு தேடவே தேவைப்படல, டைப் பண்ணும்போதே கை நின்னுடுதுன்னான்.