அயல் வீட்டில் மரணம் என்றால் எப்படிப் போவது?

எங்கள் ஒழுங்கையில் இந்து, முஸ்லிம், கத்தோலிக்க, சிங்கள வீடுகள் எல்லாம் இருக்கின்றன. திருகோணமலையில் இது புதினமில்லை. மரண வீடுகளுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்தில் கதிரை, பந்தல், லைட் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கிறவன் நான். அதனால் இளம் பிள்ளைகள் என்னிடம் வந்து, "அங்கிள், அவங்கட வீட்டுக்கு எப்படிப் போறது?" என்று கேட்பார்கள். முறை தெரியாது என்று கூச்சப்பட்டே பலர் போகாமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் பிறகு பரிசோடு போய்ச் சமாளிக்கலாம். செத்த வீட்டுக்கு வராதவரைச் சனம் மறக்காது.

முஸ்லிம் வீடு என்றால் கேள்விப்பட்ட உடனே கிளம்புங்கள். காலையில் மௌத்தானவரை (இறந்தவரை) பெரும்பாலும் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். வேலை முடித்துப் பின்னேரம் போகலாம் என்று நினைத்தால், கதிரை அடுக்குகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். மாலை, மலர்வளையம் வேண்டாம். ஆண்கள் வெளியே ஆண்களோடு இருங்கள். வீட்டுப் பெண்கள் உள்ளே போகட்டும். இறந்தவர் பெண் என்றால், முகம் பார்க்க வேண்டும் என்று ஆண்கள் கேட்கக்கூடாது. உடலைச் சுமந்து போகும் பெட்டியான சந்தூக்கின் பின்னால் நீங்களும் நடந்து போகலாம். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகை முடியும்வரை பள்ளிக்கு வெளியே நின்று, பிறகு மையவாடிக்கு (அடக்கும் இடத்துக்கு) போங்கள்.

அங்கே இருந்துகொண்டு "எரிக்கிறதுதான் சுத்தம்" என்ற கதையை மட்டும் எடுக்காதீர்கள். 2020இல் கொரோனாவில் இறந்தவர்களை எல்லாம் எரிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அது மாறியது. அதன் பிறகும் சொந்த ஊர் மையவாடியில் அடக்க முடியாமல், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் அந்த நோவு இன்னும் ஆறவில்லை. கபுறுக்கு (புதைகுழிக்கு) ஒரு பிடி மண் போடக் கிடைப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா, அதாவது துக்க காலம், இருப்பார். ஆண்கள் அவரைப் பார்க்கக் கேட்க வேண்டாம், பெண்கள் தாராளமாகப் போகலாம். எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இத்தா இருந்தபோது, என் மனைவி பின்னேரங்களில் முருங்கையிலைக் கொப்பை எடுத்துக்கொண்டு போவார். இரண்டு பேரும் பாயில் இருந்து இலை உருவுவார்கள். ராத்தாவுக்கு மனம் வந்தால் இறந்துபோன தன் கணவரான நானாவைப் பற்றிப் பேசுவார், இல்லாவிட்டால் பேச்சே இருக்காது. ஆறுதல் சொல்ல வார்த்தை வராது என்று பயப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: கைக்கு ஒரு வேலையோடு போங்கள்.

சாப்பாடு கொடுப்பதென்றால் மரக்கறியாகச் சமைத்து அனுப்புங்கள். இறைச்சி என்றால் ஹலால் கேள்வி வரும். மரண வீட்டுக்கு அயலவர் சமைத்து அனுப்புவது அவர்கள் மார்க்கத்திலும் சொல்லப்பட்ட விசயம்தான்.

இனி எங்கள் இந்து வீடுகளுக்கு வரும் முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களுக்கு. வாய்க்கரிசி போட உங்கள் மார்க்கம் இடம் தராவிட்டால் ஒதுங்கி நில்லுங்கள், யாரும் பிழையாக நினைக்க மாட்டார்கள். புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் எழும்பிப் போங்கள். முக்கியமாக, பல வீடுகளில் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க மாட்டார்கள். அதற்குள் ஹஜ் பெருநாள் வந்தால் இறைச்சிக்குப் பதிலாகப் பழம் அனுப்புங்கள். இறந்தவருக்குக் கடமை (சடங்கு) செய்யக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. தாய்க்குக் கடமை செய்ய இராவணன் உண்டாக்கிய ஏழு கிணறுகள் என்று சொல்வார்கள். வான் வைத்திருக்கிறவர்கள் அன்றைக்கு ஒரு நடை கொண்டுபோய் விட்டால் பெரிய உதவி.

கத்தோலிக்க வீட்டில் செபம் சொல்லும்போது எழுந்து நின்றால் போதும்.

சிங்கள வீட்டுக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு போங்கள். ஏழாம் நாள் பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுக்கும் தானத்துக்கு அரிசி, தேங்காய், மரக்கறி கொடுத்தால் சந்தோசமாக வாங்குவார்கள். பிக்குமார் நண்பகலுக்கு முன்னமே சாப்பிட்டு முடிக்க வேண்டும், அதனால் சமையல் விடியவே தொடங்கிவிடும். சாமான்களை முதல் நாள் பின்னேரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.