பால்மரத்தில் பேனா: முடிச்சு வளையம் வைத்துக் கடையும் முறை

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஓய்ந்த பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சாய்த்தால் ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போகும். இன்று அது நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறுகிறது. 25, 30 ஆண்டு பால் கொடுத்து முடித்த மரத்தில் பேனா கடையலாம் என்றால் இன்னமும் பலர் நம்புவதில்லை. கடையலாம், அழகாகவும் வரும். வெளிர் நிறம், உளிக்கு இணங்கும் குணம், கைக்கு அளவான கனம். அதன் நடுவே கறுத்த மர வளையங்கள் சங்கிலிக் கண்ணி போல ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஓடினால் பார்ப்பவர் கை தானாக நீளும். இந்த வளைய வேலைக்குக் கெல்டிக் முடிச்சு என்று பெயர். இதில் பாதிக்கு மேல் லேத்தை (கட்டையைச் சுழற்றிக் கடையும் எந்திரம்) தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் ரம்பத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் மரம். புதிதாக வெட்டிய பால்மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய இருக்கும். சில நாள் சும்மா போட்டாலே நீலப் பூஞ்சை படரும், பிறகு துளைக்கும் வண்டு வரும். ஆலைகளில் அதனால்தான் அறுத்த கையோடு போரான் மருந்தில் ஊற வைத்து, சூளையில் உலர்த்துகிறார்கள். வீட்டில் அந்தப் பாடு வேண்டாம். நாற்காலி செய்யும் பட்டறைத் தவுக்கேயிடம் கேட்டால் மருந்து ஏற்றி உலர்த்திய துண்டுகளை ஒரு சாக்கு நிறையக் கொடுப்பார். தோட்டத்து மரமேதான் வேண்டும் என்றால், சாய்த்த உடனே சிறு கட்டைகளாக அறுத்து, போராக்ஸ் கரைசலில் ஊற வைத்து, வெட்டு முனைகளில் மெழுகு பூசி, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் அது பேனாவுக்கு ஆகும். ஈரக் கட்டையில் பேனாவின் உள்ளே வரும் பித்தளைக் குழாயை ஒட்டினால் பின்னால் மரம் சுருங்கி வெடிக்கும்.

என் அம்மா நிரை பிடித்துப் பால் வெட்டியவர். உளி பட்டையைத் தாண்டி மரத்தில் பாயக் கூடாது என்பது அவர்களுக்குச் சட்டம். பாய்ந்த இடத்தில் மரம் புடைத்துக்கொள்ளும், உள்ளே இழை சுழித்து வளரும். பால் வெட்டுக்குக் கேடான அந்த இடம்தான் பேனாவுக்குப் பொக்கிஷம். கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் அங்கே நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து காடியில் சிறு தூரம்தான். பால்மரத்தில் வேலை செய்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

வளையத்துக்குக் கறுத்த மரம். பழைய லயத்து வீடுகளை இடிக்கும்போது கதவு நிலையில் செங்கால் கிடைக்கும். மெர்பாவும் நன்றாக இருக்கும். இரண்டும் கனத்த மரம், மெல்லிய தகடாகச் சீவினாலும் உடையாது. பழைய மரத்தை அறுக்குமுன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள், உள்ளே ஆணி இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

இனி ரம்பம். ஸ்லிம்லைன் எனப்படும் 7 மி.மீ. குழாய் கொண்ட பேனா பாக செட் போதும், அதில் மேலும் கீழுமாக இரண்டு குழாய் வரும். மேல் குழாய்க்கான கட்டையில் மட்டும் முடிச்சு வையுங்கள். இரண்டிலும் வைத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். கட்டை 19 மி.மீ. சதுரம். சதுரம் என்றால் நான்கு பக்கமும் ஒரே அளவு, வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். அரை மில்லி கூடக் குறைய இருந்தாலும் வளையங்கள் ஓரிடத்தில் சந்திக்காமல் தள்ளித் தள்ளி நிற்கும். அறுக்கப் பிடிக்க வசதியாகக் கட்டையை நீளமாகவே வைத்துக்கொண்டு, பக்கங்களுக்கு 1 முதல் 4 வரை பென்சிலால் எண் போடுங்கள்.

கறுப்புத் தகட்டின் தடிமன் ரம்பம் தின்னும் தடத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இந்த வேலையின் உயிர் இதுதான். கழிவுத் துண்டு ஒன்றில் ஒரு வெட்டுப் போட்டு, தகட்டைச் செருகிப் பாருங்கள். விரலால் தள்ளினால் போக வேண்டும், கவிழ்த்தால் விழக் கூடாது. தடித்திருந்தால் கண்ணாடிப் பலகையில் மணல்தாளை ஒட்டி அதன்மேல் தேயுங்கள். மெலிந்த தகட்டைப் பசை ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று எண்ண வேண்டாம். அந்த இடம் கடைந்தபின் மங்கலான கோடாகத் தெரியும். மேசை ரம்பத்தின் தடம் சுமார் 3 மி.மீ. வரும். அதில் செங்காலின் இரு பக்கமும் மெல்லிய பலா மரத் தகடு வைத்து மூன்று அடுக்காகவும் செய்யலாம்.

ரம்பம் கட்டையை 45 பாகைச் சரிவில் அறுக்கும்படி வைத்து, முடிச்சு வரவேண்டிய இடத்தில் வெட்டு விழும்படி, கட்டையின் முனை முட்டி நிற்க ஒரு தடுப்பை இறுக்கிவிடுங்கள். நான்கு வெட்டும் முடியும்வரை தடுப்பைத் தொடக் கூடாது. முதல் பக்கம் மேலே இருக்க அறுங்கள், ஆனால் முழுதாக அறுக்காதீர்கள். அடியில் 2 மி.மீ. விட்டுவிடுங்கள். அந்த மிச்சம்தான் இரண்டு பாதியையும் நகராமல் பிடித்திருக்கும். கடையும்போது அது எப்படியும் சீவிப் போய்விடும். பசை தடவித் தகட்டைச் செருகி, கிளாம்ப் போட்டு, ஓர் இரவு விடுங்கள். காலையில் பிதுங்கியதைக் கட்டையோடு சமமாகச் சீவி, எதிர்ப் பக்கத்தைத் திருப்பி அடுத்த வெட்டு. பிறகு மீதி இரண்டு பக்கம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் இரவு காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள். பசை இறுகாமல் அடுத்த வெட்டுக்குப் போனால் முந்தைய தகடு அசைந்துவிடும்.

துளை போடுவது சுருக்கம். குழாயைவிட ஓரிரு மில்லி நீளமாகக் கட்டையை அறுத்து, 7 மி.மீ. பிட்டால் நடுமையத்தில் துளையுங்கள். துளை விலகினால் வளையமும் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலியும். பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள், சூடேறினால் பசை இளகும். பித்தளைக் குழாயைச் சொரசொரப்பாக்கி, அதன் வாயைப் பச்சை உருளைக்கிழங்கு வில்லையில் ஒரு குத்துக் குத்தினால் கிழங்கு அடைப்பாக நின்று பசையை உள்ளே விடாது. எப்பாக்சி தடவி, சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். இறுகியதும் கிழங்கை எடுத்துவிட்டு, முனைகளைப் பித்தளை மின்னும்வரை மட்டும் டிரிம்மரால் (முனை சீவும் கருவி) சமப்படுத்துங்கள். பித்தளையையே தின்ன விட்டால் பேனா பொருந்தாது.

லேத்தில் ஏற்றுமுன் பெண்களுக்கு ஒரு வார்த்தை. துப்பட்டா, வளையல், தொங்கும் தாலிக்கொடி எதுவும் சுழலும் கட்டைக்கு அருகே வரக் கூடாது. கூந்தலைக் கொண்டை போட்டு, முகக் கவசமும் தூசி மாஸ்க்கும் அணிந்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள். செங்கால் தூள் மூக்கை அரிக்கும்.

கட்டையைக் கோத்து லேத்தில் பிடிக்கும் கம்பியான மேண்ட்ரலின் நட்டை விரலால் முடுக்கினால் போதும். குறடு போட்டால் கம்பி வளைந்து பேனா முட்டை வடிவாகும். சதுரத்தை உருட்டும்வரை நிமிடத்துக்கு 1500 சுற்று அளவில் வைத்து, உருண்டதும் 2500க்கு ஏற்றுங்கள். உளியை அடிக்கடி தீட்டி, மிக மெல்லிய சீவலாக எடுங்கள். முடிச்சுப் பகுதியில் உளி கொத்திக்கொண்டால் ஒட்டு பிய்ந்து பறக்கும், அதனால் அளவு நெருங்கும்போது ஒட்டுகளில் நீர்த்த சூப்பர் குளூ இரண்டு சொட்டு விட்டுக் காய விடுங்கள். முனைகள் புஷ் (மேண்ட்ரலில் கட்டையின் இரு பக்கமும் வரும் அளவு வளையம்) அளவுக்கு இறங்கட்டும். நடுவில் 10 மி.மீ. போல கொஞ்சம் பருமன் விட்டால் முடிச்சு விரிந்து தெரியும்.

தேய்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பால்மரத்தின் துளைகள் பெரியவை, செங்கால் தூள் அவற்றில் போய் அடைந்து வெளிர் மரம் அழுக்காகிவிடும். அதனால் மணல்தாளை நம்பாமல் சாய்வு உளியாலேயே வழவழப்பாக்கிவிட்டு, நிறமில்லா அரக்கு ஒரு கை பூசித் துளைகளை மூடுங்கள். அதன்பின் 320 எண் தாளில் தொடங்கி 600 வரை தேய்த்தால் போதும். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் லேத்தை நிறுத்தி, இழை ஓடும் வாக்கில் கையால் தேய்த்துத் தூளை ஊதிவிடுங்கள். ஈரத் துணி வேண்டாம், மெர்பா தண்ணீர் பட்டால் சாயம் விடும்.

மெருகுக்கு நான் சூப்பர் குளூ பூச்சையே சொல்வேன். மெழுகும் அரக்கும் முதல் நாள் பளபளக்கும், நம் ஊர் வெயிலில் வியர்க்கும் கைக்கு நிற்காது. பேப்பர் டவலில் இரண்டு சொட்டு விட்டு, மெதுவாகச் சுழலும் பேனாமேல் ஒரே இழுப்பாக ஓட்டுங்கள். காய்ந்ததும் அடுத்தது. ஏழெட்டுப் பூச்சுக்குப் பிறகு மைக்ரோமெஷ் எனும் மிக நுண்ணிய தாளால் நனைத்துத் தேயுங்கள். இப்போது மரம் மூடியிருப்பதால் தண்ணீருக்குப் பயமில்லை.

பாகங்களைக் கோக்க மேசை இடுக்கியின் வாயில் மரத்துண்டு வைத்து அழுத்தலாம். முதலில் கீழ்க் குழாயில் எழுதும் முனை, அடுத்து எதிர் முனையில், ரீஃபிலை வெளியே தள்ளும் சுழற்றி. சுழற்றியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ரீஃபிலைப் போட்டுப் பார்த்து நிறுத்துங்கள், ஆழமாகப் போனால் திரும்ப வராது. கிளிப்பை இறுக்குமுன் இரண்டு வளையம் குறுக்கிடும் புள்ளி கிளிப்புக்கு எதிர்ப்பக்கம் வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள், அப்போது கிளிப் அதை மறைக்காது. இதற்குக் கிராஸ் வகை ரீஃபில்தான் சேரும். பேனாவை யாருக்குக் கொடுத்தாலும் மாற்று ரீஃபில் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.